பேதியா, வாந்தியா, நசியமா?

வாதம், பித்தம், கபம் மூன்றும் தத்தம் அளவில் நிற்பதே உடல்நலம் என்பதில் சித்த மருத்துவத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் பிணக்கில்லை. எது சரியான அளவு என்பதில்தான் வேறுபாடு. நாடியில் வாதம் 1, பித்தம் ½, கபம் ¼ மாத்திரை என்று சித்தம் கணக்கு வைத்திருக்கிறது. ஆயுர்வேதம் அவரவர் பிறவி இயல்பான பிரகிருதியையே அளவுகோலாகக் கொள்கிறது.

மிகுந்ததை வெளியேற்றும்போது இரண்டும் இன்னும் விலகுகின்றன. வாதம் மிகுந்தால் சித்த வைத்தியர் பேதிக்குக் கொடுப்பார். ஆயுர்வேதம் பேதியைப் பித்தத்துக்கு வைத்துக்கொண்டு, வாதத்துக்கு ஆசனவாய் வழியே கஷாயமோ எண்ணெயோ செலுத்தும் வஸ்தியை முதன்மையாகச் சொல்லும். வாந்தி சித்தத்தில் பித்தத்துக்கு, ஆயுர்வேதத்தில் கபத்துக்கு. கபம் தணியச் சித்தம் கைக்கொள்வது மூக்கில் விடும் நசியமும் கண்ணில் இடும் அஞ்சனமும். ஒரு முறையில் நோயைக் கணித்து, மறுமுறையின் சிகிச்சையைச் செய்துகொண்டால் கணிப்பே வீணாகும். ஆகவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மருந்தை அல்ல, முறையை.

மலச்சிக்கல், வயிற்று உப்புசம், மூட்டுவலி வாதத்தையும், நெஞ்செரிச்சல், உடற்சூடு பித்தத்தையும், சளி, மந்தம் கபத்தையும் காட்டும் என்பது பொதுவான கணக்கு. தலைசுற்றினாலே ‘பித்தம்’ என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது இரத்தசோகையாகவும் இருக்கலாம், இரத்த அழுத்தக் கோளாறாகவும் இருக்கலாம். மூன்று தோஷங்களையும் அளந்து சொல்லும் ஆய்வகச் சோதனை கிடையாது. எனவே வழக்கமான பரிசோதனைகளை முதலில் முடித்துவிடுவது நல்லது.

சித்த நூல்கள் எண்ணெய் முழுக்கை 4 நாளுக்கு ஒருமுறையும், நசியத்தை 45 நாளுக்கு ஒருமுறையும், பேதியை 4 மாதத்துக்கு ஒருமுறையும், வாந்தியை 6 மாதத்துக்கு ஒருமுறையும் விதிக்கின்றன. இவற்றில் வீட்டில் தாமாகச் செய்துகொள்ளத் தக்கது எண்ணெய் முழுக்கு மட்டுமே: நல்லெண்ணெய், வெந்நீர், அன்று பகல்தூக்கம் கூடாது. காய்ச்சலோ சளியோ இருந்தால் தள்ளிப்போடலாம். விளக்கெண்ணெய்ப் பேதி எளிதாகத் தோன்றினாலும் நீரிழப்பை உண்டாக்கும். கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள், இதய, சிறுநீரக நோயாளிகள் தாமாக எடுக்கவே கூடாது. வாந்தி அதைவிடக் கடுமையானது. மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டுமே.

சித்தத்துக்கு பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ். பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரிடமே போக வேண்டும். சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் அதை அவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.