ஒருநாள் துப்புரவில் ஆறு மீளுமா?

கேள்வி: தஞ்சாவூரில் வடவாற்றங்கரையில் குடியிருக்கிறோம். தெருக்காரர்கள் சேர்ந்து குப்பை அள்ளலாம் என்கிறார்கள். பலன் இருக்குமா?

பதில்: இருக்கும், ஒருநாள் கூத்தாக முடியாவிட்டால். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைப் புரட்டிப்போட்ட பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடை. அடுத்த ஆண்டே அங்குள்ள இளைஞர்களும் விவசாயிகளும் ‘கைஃபா’ என்ற சங்கமாகத் திரண்டு, நன்கொடை திரட்டிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். அதோடு நிற்காமல் அடுத்தடுத்த குளங்களுக்கும் போனார்கள். ஊரார் சேர்ந்து நீர்நிலைகளைப் பேணிய பழைய குடிமராமத்தின் உயிரே இந்தத் தொடர்ச்சிதான்.

உங்களுக்குக் காலம் முக்கியம். உங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். எனவே பிப்ரவரி முதல் மே வரை ஆறு வறண்டிருக்கும்போதே வேலையை முடியுங்கள். ஆகாயத்தாமரையை வேரோடு எடுங்கள். அதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் மறுபடி ஆற்றுக்குள்தான் போகும். உலர்த்தி உரமாக்குங்கள். இயந்திரம் இறக்குவதானால் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். குப்பை வண்டிக்கு மாநகராட்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, கரையோரமாக நடந்து, எந்தெந்த வீட்டுச் சாக்கடை ஆற்றில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை அடைக்காமல் குப்பையை மட்டும் அள்ளினால், வருஷா வருஷம் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.