சரிவில் தண்ணீர்த் தாங்கி: திருகு கால் இறக்கும் முறை

ஆயிரம் லீட்டர் தாங்கியை இரண்டு பேர் தோளில் வைத்து மேலே கொண்டுபோய்விடலாம். அதற்குக் கீழே போடும் கொங்கிரீட்டுக்கான மணலையும் கல்லையும் சிமெந்தையும் லொறி நிற்கும் இடத்திலிருந்து படி படியாகச் சுமப்பதுதான் முதுகை ஒடிக்கும். உடப்புசல்லாவைப் பக்கம் லயத்துக்கு மேலே தாங்கி வைத்தவர்களுக்கு இது தெரியும்.

நுனியில் சுருள் தகடு வைத்த இரும்புக் குழாயை மண்ணுக்குள் திருகி இறக்கினால் அந்தச் சுமை இல்லை. பழைய வித்தைதான். பார்வை இழந்த அயர்லாந்துப் பொறியியலாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் தேம்ஸ் முகத்துவார மணலில் கலங்கரை விளக்கத்துக்கு இப்படித்தான் கால் இறக்கினார்கள். சென்னையில் துறைமுகம் வருமுன், 1860களில், கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலமும் திருகு கால்களில் நின்றதுதான்.

முதலில் இடம். சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அங்கே வேண்டாம். கால் தாங்கியைத்தான் பிடிக்கும், மலையைப் பிடிக்காது. வீடு கட்டுவதென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் ஒரு பொறியியலாளரையும் தேடுங்கள். இங்கே சொல்வது தாங்கி, ஆட்டுப்பட்டி, மரக்கறிக் கூடாரம் அளவுக்குத்தான்.

இடம் சரியென்றால் நாலடிக் குழி ஒன்று தோண்டிப் பாருங்கள். மேலே கறுப்பு மண், அதன் கீழே செம்மண் களி, இன்னும் கீழே அபிரகம் மினுங்கும் உளுத்த பாறை: நல்ல வரிசை இது. செங்கல் துண்டும் பொலித்தீனும் கலந்து வந்தால், பாதை வெட்டிய மண்ணை யாரோ விளிம்பில் தள்ளி நிரவிய இடம். கால் அதைத் துளைத்து அடிமண்ணுக்குப் போகவேண்டும், இல்லையேல் இடம் மாறவேண்டும். பத்தடி தள்ளினால் மண்ணே மாறுகிற ஊர் இது. ஆகவே நாலு காலுக்கும் நாலு இடத்தில் அலவாங்கால் குத்திப் பாருங்கள்.

வெல்டிங் பட்டறையில் சொல்லவேண்டியது: இரண்டரை அங்குலக் குழாய், சுவர் 5 மி.மீ., நுனி சாய்வெட்டு. 8 அங்குல வட்டத் தகடு, 8 மி.மீ. தடிப்பு, ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய இரு ஓரங்களையும் 3 அங்குலம் விலக்கி இழுத்து, மேலும் கீழும் வெல்டிங். தேயிலை மண் புளிப்பானது, நாகப்பூச்சைக் கரைத்துவிடும். அதனால் மெல்லிய குழாயை மலிவென்று வாங்காதீர்கள்.

இறக்கும்போது மேலே நாலடித் துண்டு ஒன்றைப் போல்ட் போட்டு நீட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருப்பும் தடி மேட்டுப் பக்கம் இடிக்கும். குறுக்காக இரண்டு தடி, மையத்திலிருந்து ஆறடிக்கு நாலு கை, நாலு ஆள். ஒரு சுற்றுக்கு 3 அங்குலம் இறங்கவேண்டும். ஆறடிக்கு 24 சுற்று. சுற்றியும் இறங்காமல் மண்ணைக் கடைந்தால் மேலிருந்து அழுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் கழற்றி இரண்டடி தள்ளி மறுபடி தொடங்குங்கள். டங்கென்று நின்றால் கல். சம்மட்டியால் அடித்து வீரம் காட்டினால் தகடுதான் வளையும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இனிமேல்தான்: எவ்வளவு தாங்கும் என்பதை மண்ணே சொல்லும். கடைசிச் சுற்றில் நால்வரும் சமமாக இழுக்க, ஒருவர் மட்டும் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசைத் தடி நுனியில் மாட்டி இழுக்கட்டும். 30 கிலோ காட்டினால், 30 × 1.8 மீற்றர் × 4 பேர் = 216. இந்தக் குழாய்க்கு அதை 25ஆல் பெருக்குங்கள்: 5,400 கிலோ. பாதியை நம்பலாம் என்பது பொது வழக்கம். நான் கால்வாசியைத்தான் நம்புவேன், ஏனென்றால் நாம் வேலை செய்வது ஓகஸ்ட் வெயிலில்; கார்த்திகை, மார்கழி மழையில் அதே களி இளகிவிடும். கால்வாசியே 1,350 கிலோ. நிறைந்த தாங்கியும் சட்டமும் காலுக்கு 300 கிலோதான். தராசு 10 கிலோவுக்குக் கீழே காட்டினால் நிறுத்தாதீர்கள், துண்டு சேர்த்து இன்னும் இறக்குங்கள்.

பள்ளப் பக்கக் கால்கள் மண்ணுக்கு மேலே உயரமாக நிற்கும். பக்கவாட்டுத் தள்ளலுக்கு ஒல்லிக் குழாய் ஈடுகொடுக்காது. குறுக்குச் சட்டம் கட்டாயம். தாங்கிக்கு மேலே ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரை ஒதுக்குங்கள், வழியும் தண்ணீரையும் குழாய் போட்டுத் தள்ளி விடுங்கள்.

கடைசியாக, பைப் இணைக்காமல் தாங்கியை நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். நிரப்பும் முன்னும் பின்னும், தண்ணீர் நிரப்பிய டியூப்பால் நாலு தலையின் மட்டத்தையும் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவதொரு தலை கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் பக்கத்தில் இன்னொரு கால். இல்லையென்றால் பைப்பை மாட்டலாம். பெருமழை முடிந்து தை பிறந்ததும் அதே டியூப்போடு ஒருமுறை மேலே ஏறுங்கள்.