அழிக்கும் முன் ஒரு கேள்வி

கூடங்குளத்துக் காற்றாலைகளைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அங்கே காற்றின் வேகத்தை நிமிடத்திற்கு ஒரு முறை குறித்து வைக்கும் கருவி ஒன்றைப் பொருத்துவதாகக் கொள்வோம். குறிப்புகள் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிகின்றன. மின்சாரம் நின்றாலும் அவை அழியா. ஜப்பானியரான ஃபுஜியோ மாசுவோகா 1984இல் இந்நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார்.

இதனுள் லட்சக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அறை காலியாக இருந்தால் 1. எலெக்ட்ரான்களை அடைத்தால் 0. எந்த அறையையும் தனியே 1லிருந்து 0 ஆக்கலாம். 0வை மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால், அது அடங்கிய தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். அப்போது எலெக்ட்ரான்கள் மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் ஊடே வெளியேறுகின்றன. படலம் சிறிது சிறிதாக நலிகிறது. நார் வகை நினைவகம் சுமார் 1,00,000 முறை அழிப்பதைத் தாங்கும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் பழையவற்றைப் படியெடுத்து, தொகுதியை அழித்து, புதியதோடு சேர்த்து எழுதினால், நாளொன்றுக்கு 1,440 அழிப்புகள். 70 நாட்கள்கூடத் தாங்காது! வைகாசி நடுவில் பொருத்திய கருவி, ஆடி முடியுமுன் ஓய்ந்துவிடும்.

தொகுதியில் 65,536 பைட்டுகள். ஒரு குறிப்புக்கு 16 பைட்டுகள் என்க. அழிக்காமல் அடுத்தடுத்த காலியிடத்தில் எழுதினால் 4,096 குறிப்புகள் கொள்ளும். ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு ஒரு முறை அழித்தால் போதும். கணக்குப்படி 700 ஆண்டுகளுக்கு மேல்! கருவியின் மற்ற உறுப்புகள் அதற்கு வெகு முன்பே பழுதாகிவிடும்.

ஆகவே, நினைவகத்தை இயக்கும் ‘டிரைவர்’ நிரல், அழிக்கும் முன் கேட்க வேண்டியவை: தொகுதி ஏற்கெனவே காலியா? பழையதும் புதியதும் ஒன்றேயா? சில 1களை 0 ஆக்கினாலே போதுமா? ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் அழிக்க வேண்டுவதில்லை.

பயிற்சி: 1101 என்பதை அழிக்காமலே 1001 ஆக்கலாமா? 0111 ஆக்கலாமா? காரணம் கூறுக.