நேமோ எந்த நாட்டுக்காரர்?

திருப்பதி

அன்புள்ள தம்பிக்கு,

வால்ட் டிஸ்னியின் '20,000 லீக்ஸ் அண்டர் த சீ' (1954) படத்தைப் பார்க்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள். நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் நேமோ ஓர் இந்தியர். ஜேம்ஸ் மேசன் நேமோவாக நடித்த அந்தப் படம் இதைச் சொல்வதில்லை. கதையை எழுதிய ஜூல்ஸ் வெர்ன் 1875-இல் முடித்த 'மர்மத் தீவு' நாவலில் சொல்லியிருக்கிறார். நேமோவின் இயற்பெயர் டக்கார். புந்தேல்கண்ட் இளவரசர், திப்பு சுல்தானின் உறவினர், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவர். உறவுமுறை வெர்னின் கற்பனைதான். ஆனால் திப்புவின் பெயரை அவர் எடுத்தாண்டது காரணத்தோடுதான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நடுங்க வைத்த குடும்பம் அது. திப்புவின் தந்தை ஹைதர் அலி கம்பெனியோடு நடந்த போரின் நடுவே, 1782 டிசம்பரில், உங்கள் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான் உயிர்விட்டார். நேமோவின் கோபத்துக்கு வேர் இந்தப் பக்கத்து வரலாற்றில் இருக்கிறது.

'படம் 1870-இல் முடிந்த முதல் நாவலைத்தானே தழுவியது, அதில் நேமோவுக்கு நாடே இல்லையே' என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. வெர்ன் முதலில் நேமோவைப் போலந்துக்காரராகவே நினைத்திருந்தார். ரஷ்யாவைப் பகைக்க விரும்பாத பதிப்பாளர் எட்செல் தடுத்ததால் நாட்டை மறைத்தார். ஆனாலும் அந்த முதல் நாவலிலேயே இலங்கைக் கடலில் சுறாவிடம் சிக்கிய ஏழை முத்துக்குளிப்பவரை நேமோ காப்பாற்றி, அவர் கையில் முத்துப்பை ஒன்றைக் கொடுக்கிறார். அந்த மனிதர் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவர், தானும் அவர்களில் ஒருவரே என்கிறார். 1916-இல் வந்த மௌனப் படம் இரு நாவல்களையும் இணைத்து நேமோவை இந்திய இளவரசராகவே காட்டியது. ஆக, 1954-இல் அதைச் செய்ய வழியில்லாமல் போகவில்லை.

'சினிமா நாவலை அப்படியே பின்பற்ற வேண்டுமா?' வேண்டாம். அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி அதே 1954-இல் நாட்டிலஸ் என்ற பெயரோடு கடலில் இறங்கியது. படமும் நாவலின் மின்சாரத்துக்குப் பதிலாக அணுவை நினைவூட்டும் ஆற்றலை வைத்து, அது தீயவர் கையில் சிக்கினால் என்னாகும் என்று கேட்டது. தன் காலத்தின் அச்சத்தை அது நேர்மையாகவே பேசியது. கலை இயக்கத்துக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் பெற்ற ஆஸ்கார் விருதுகளுக்கும் தகுதியானது. ஆனால் கைதிகள் வதைபடும் கற்பனைத் தீவு ஒன்றை நேமோவின் துயரத்துக்குக் காரணமாக்கியபோது, அடிமைப்பட்ட ஒரு நாட்டின் வழக்கு கதையிலிருந்து விழுந்துவிட்டது. நாடு தெரியாத நேமோ பழிவாங்கத் துடிக்கும் விந்தை மனிதராகத் தெரிகிறார். நாடு தெரிந்தால், ஏன் கப்பல்களை மூழ்கடிக்கிறார் என்று வாதிடவே ஒரு பொருள் கிடைக்கிறது. அந்தச் செயல் சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நீ. அதற்குப் படம் மட்டும் போதாது. இரண்டு நாவல்களையும் படித்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
அண்ணன்