கல்லறைக் கல்லில் அவரே தெரிய...

முதலாம் ஆண்டு நினைவுக்குள் கல்லறையைக் கட்டி மந்திரித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கடையில் காட்டும் ஆல்பத்திலிருந்து ஒரு மாதிரியைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். திறந்த பைபிள், ரோஜா, சிலுவை. பெயரை மறைத்துவிட்டால் அது யாருடைய கல் என்றே தெரியாது. நம் அப்பாவோ அம்மாவோ அப்படிப் பொதுவான ஆளா என்ன?

1. முதலில் பங்கு அலுவலகத்திலோ சபையிலோ விசாரியுங்கள். நீளம், உயரம், படம் பதிக்கலாமா என்பதெல்லாம் ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் மாறும். சென்னை போன்ற இடநெருக்கடி உள்ள ஊர்களில் ஒரே கல்லறையில் குடும்பத்தார் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்படுவது வழக்கம். அப்படியானால் கல்லில் பாதியைக் காலியாக விடச் சொல்லுங்கள்.

2. பட்டம், பதவி, குணநலன் என்று அடுக்க வேண்டாம். 'அவரை நினைத்தால் எது முதலில் கண்முன் வருகிறது?' என்று பேரப்பிள்ளைகளையும் பக்கத்து வீட்டாரையும் கூட வேலை பார்த்தவர்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். பலர் வாயிலும் வருவது எதுவோ, அதுதான் கல்லில் ஏற வேண்டியது. தையல் மெஷின், மீன்வலை, ஆர்மோனியம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்று போதும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லைப் பாருங்கள். மாட்டைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளாகியும் இருவரையும் பிரிக்க முடியவில்லை.

3. கையெழுத்தைத் தேடி எடுங்கள். எனக்கு இதைவிட நல்ல அலங்காரம் தெரியாது. பழைய கடிதம், பால் கணக்கு நோட்டு, பைபிள் ஓரத்தில் எழுதிய குறிப்பு, உங்கள் ரேங்க் கார்டில் போட்ட கையொப்பம் என்று எங்காவது இருக்கும். மொபைலில் சாய்வாகப் படம் எடுக்காமல், கடையில் ஸ்கேன் செய்து கொடுங்கள். 'ழ'வின் வாலை நீட்டி இழுப்பவர் என்றால் அந்த இழுப்பு அப்படியே கல்லில் வரும். 'அழகாகத் திருத்தித் தருகிறேன்' என்று டிசைன் செய்பவர் சொன்னால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

4. வெள்ளை மார்பிள் பார்க்க அழகு. ஆனால் மழையில் பாசி ஏறும். நாளாக ஆக எழுத்தும் தேயும். கிரானைட் தாங்கும். லேசரில் முகம் வரைய வேண்டுமென்றால் பாலிஷ் செய்த கருப்பு கிரானைட்தான் சரி; புள்ளி புள்ளியான கல்லில் முகம் தெளியாது. கலர் படம் வேண்டுமானால் பீங்கானில் சுட்டுப் பதிப்பதே வெயிலுக்கு நிற்கும்.

5. தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம். எழுத்து சிறிதானால் 'ணை', 'ஞ' எல்லாம் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஃபான்ட் மாறினால் எழுத்துகள் இடம்மாறிவிடும். அதனால் கல்லின் அதே அளவில் பிரிண்ட் வாங்கி, வீட்டுச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி வைத்து, தேதிகளை வேறொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

6. புதைத்த மண் இறங்கும். ஒரு மழைக்காலமாவது கழியட்டும். மூன்றடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலக் கனமுள்ள கிரானைட்டே சுமார் 75 கிலோ இருக்கும். அடித்தளம் சரியில்லாவிட்டால் சாயும்.

7. அவருடைய பழக்கத்தைப் படமாக மட்டுமல்ல, அமைப்பிலும் காட்டலாம். தினமும் குருவிக்குத் தண்ணீர் வைத்தவர் என்றால், கல்லின் மேல்புறத்தில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் குழி வெட்டலாம். வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் ஆழம் அது, கொசு அண்டாது. செடி வளர்த்தவருக்கு, முழுக்க மூடாமல் நடுவில் பாத்தி விடலாம். மரமாகும் செடி மட்டும் வேண்டாம், வேர் கல்லைத் தூக்கிவிடும்.

8. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகு வழிந்து எழுத்தை மூடும். கால்மாட்டில் மெழுகுவர்த்திக்குத் தனி மாடம் வைத்துவிடுங்கள்.

9. கழுவ ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம்; மார்பிளை அரித்துவிடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

10. வெட்டி மீந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரே பெயரில் விற்றாலும் கிரானைட்டின் நிறம் பாளத்துக்குப் பாளம் மாறும். பின்னாளில் பக்கத்தில் இன்னொரு கல் வைக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் துண்டு வேண்டியிருக்கும்.