எழுபது வளைவு ஏறும் முன்...

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறீர்களா? காரவள்ளி அடிவாரம் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பின்சீட்டில் குழந்தை 'வாந்தி வருதும்மா' என்று சிணுங்கும். மழை நாளானால் கண்ணாடியிலும் ஆவி படிந்து பாதை மறையும்.

ஏ.சி. பக்கத்தில், காருக்குள் அம்புக்குறி சுற்றுவதுபோல் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அது எரிந்தால் உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். எல்லோர் மூச்சின் ஈரமும் கண்ணாடியில்தான் படியும். அதை அணைத்து, வெளிக்காற்றை விடுங்கள். ஏ.சி.யை நிறுத்திடாதீங்க, ஈரத்தை எடுப்பதே அதுதான். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, சூட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். புதுக்காற்று குழந்தைக்கும் இதம். கையிலுள்ள செல்போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்துப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரை முதல் நாளே பாருங்கள். பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டமே அனுமதிக்காது. ஈரமான மலைப்பாதைக்கு 3 மி.மீ.யாவது வேண்டும் என்பேன். பக்கவாட்டில் 3519 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரத் தயாரிப்பு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விடும். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காதீங்க, பல வீடுகளில் அது கார் வாங்கிய நாளிலிருந்து வெளிச்சமே பார்த்திருக்காது.