இலவச முகாமில் கண்புரை ஆபரேஷன்: நம்பிச் செய்துகொள்ளலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பாம்பன் பக்கம் கடலில் இறங்கிப் பாசி எடுத்தே எங்கள் நாலு பேரையும் வளர்த்தவர். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எங்கள் ஊர் முகாமில் சொன்னார்கள். மதுரைக்கு அவர்களே கூட்டிப்போய், இலவசமாகச் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். அம்மா முடியாது என்கிறார். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன்னால் புரை ஆபரேஷன் செய்த கண்ணில் சீழ் வைத்துப் பார்வையே போய்விட்டது. "காசு கொடுக்காத கண்ணை யார் கவனமாப் பார்ப்பாங்க?" என்று கேட்கிறார். அண்ணனோ கடன் வாங்கியாவது தனியார் ஆஸ்பத்திரியில் 'லேசர்' செய்துவிடலாம் என்கிறார். ஒரே நாளில் அத்தனை பேருக்குச் செய்தால் கவனம் இருக்குமா? இலவசம், கட்டணம், எதில் ஆபத்து குறைவு? நாங்கள் என்னவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

கண் மருத்துவரின் பதில்: அம்மா ஆபரேஷன் செய்துகொள்ளட்டும். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். அதற்கு நேரான பதில் கிடைத்த பிறகு அவர் சம்மதிப்பதுதான் சரியான சம்மதம்.

பெரியம்மாவுக்கு நடந்தது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் எண்டாஃப்தால்மைட்டிஸ். இது இரண்டு வழியில் வரும். ஒன்று, நோயாளியின் இமையிலும் கண் மேற்பரப்பிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் அறுவையின்போது உள்ளே போவது. இது எங்கேயோ ஒருவருக்கு என்று தனித்தனியாக வரும். இரண்டாவது, கண்ணுக்குள் செலுத்தும் திரவமோ கருவிகளோ சுத்தமில்லாமல் போவது. அப்போது அன்றைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பலரும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள். 2008-இல் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் இலவச முகாம் வழியாக அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேருக்குப் பார்வை போனது. வழக்கு சி.பி.ஐ. வரைக்கும் போனது. தமிழ்நாட்டில் கண் அறுவை செய்கிற எவரும் அதை மறக்கக் கூடாது.

இந்த இரண்டையும் தடுக்க என்ன செய்திருக்கிறோம் என்பதுதான் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது.

முதல் காவல் மிக மலிவானது. அறுவைக்குச் சற்று முன் 5 சதவீத பொவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விடுவது. இது கண்ணுக்குள் சீழ் பிடிப்பதைக் குறைக்கிறது என்று 1991-இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு காட்டியது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்துவது அடுத்த காவல். 2007-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் இப்படிச் செய்ததால் தொற்று சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அங்கே பயன்படுத்திய மருந்து செஃப்யூராக்ஸிம். நம் ஊரில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் கைக்கு எட்டியது. அதைப் பெரிய அளவில் பயன்படுத்தி, விளைவை எண்ணிப் பார்த்தவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள்.

அந்த மருத்துவமனையின் டாக்டர் ஹரிப்ரியாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அதில் 1,16,714 கண்களை மூன்று பிரிவாக எடுத்துக்கொண்டார்கள். இலவசப் பிரிவில் மருந்து செலுத்தப்படாதவர்களில் பத்தாயிரத்துக்குச் சுமார் 8 பேருக்குச் சீழ் பிடித்தது. கட்டணப் பிரிவில் மருந்து செலுத்தப்படாதவர்களில் பத்தாயிரத்துக்கு 7 பேர். இலவசப் பிரிவில் மருந்து செலுத்தப்பட்டவர்களில் பத்தாயிரத்துக்கு 2 பேர்தான். காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து போட்டதற்கும் போடாததற்கும் இடையேதான் வித்தியாசம்.

அடுத்த வருடம் அதே குழு, அரவிந்தின் பத்து மருத்துவமனைகளிலிருந்து 6,17,453 கண்களின் கணக்கை வெளியிட்டது. மருந்து செலுத்தாத 3,02,815 கண்களில் 214-க்குத் தொற்று. மருந்து செலுத்திய 3,14,638 கண்களில் 64-க்கு. பின்னர் 20 லட்சம் அறுவைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிடும் வகை ஆய்வுகள் அல்ல இவை. ஆனாலும் இத்தனை பெரிய எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப ஒரே முடிவு வரும்போது அதை நம்பி நடக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். கெட்டுப்போன ஒவ்வொரு கண்ணையும் மறைக்காமல் எண்ணி எழுதிவைத்ததால்தான் இந்த உண்மை தெரிய வந்தது. நோயாளியின் பாதுகாப்பு அந்தப் பழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே நாளில் அத்தனை பேருக்குச் செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியதுதான் அரவிந்த். அங்கே ஒரே அறையில் இரண்டு மேசைகள் இருக்கும். ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் இன்னொருவரைத் தயார் செய்துவிடுவார்கள். கண்ணைச் சுத்தம் செய்வது, மரத்துப்போக வைப்பது, கருவியை எடுத்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள். டாக்டர் அறுவையை மட்டும் செய்வார். தினமும் செய்கிற கை தடுமாறுவது குறைவு. ஆனால் எண்ணிக்கை கூடும்போது ஆபத்து ஒன்றும் கூடவே வருகிறது. ஒரு பாட்டில் திரவம் கெட்டிருந்தால் அன்றைக்குப் பத்துப் பேர் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகச் சுத்தம் செய்த கருவிகள், கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் ஒவ்வொரு தடவையும் சரியாக வேலை செய்ததா என்ற சோதனை, எந்த பேட்ச் திரவம் யாருக்குப் போனது என்ற பதிவு ஆகிய மூன்றும் கட்டாயம். இவை இருக்கும் இடத்தில் கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை இல்லாத இடத்தில் ஒரே ஒருவருக்குச் செய்தாலும் ஆபத்துதான்.

கண் மாறிப்போவது, புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸ் மாறிப்போவது போன்ற தவறுகளுக்கும் வழி கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 அம்சங்கள்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி படும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என்று மூன்று தடவை எல்லோரும் நின்று வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்துப் பார்த்தபோது பெரிய அறுவைகளில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கண் அறுவைக்கும் இதே முறைதான். நம் கடற்கரையில் ஒரே முகாமில் மூன்று மேரி, நான்கு பாத்திமா இருப்பார்கள். அதனால் பெயரோடு ஊர், கணவர் பெயர், எந்தக் கண் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அம்மா சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லட்டும். வலது கண்ணுக்கு மேல் அடையாளம் போட்டிருக்கிறார்களா என்று நீங்களும் பாருங்கள்.

அண்ணன் சொல்லும் 'லேசர்' அநேகமாக பேக்கோ முறையாக இருக்கும். ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சி எடுப்பது. காயம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆறுவது சற்று வேகம். முகாம் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் தையலில்லாத சிறு கீறல் முறை. கீறல் ஆறு மில்லிமீட்டர் அளவு, தானே மூடிக்கொள்ளும். 2007-இல் நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், ஆறு மாதம் கழித்து இரு பிரிவிலும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை இருந்தது. நன்றாக முற்றிய புரைக்குச் சிறு கீறல் முறையே பல சமயம் பொருத்தம். லென்ஸ் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் இருக்கிறது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு, வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்த பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. லென்ஸ் விலை குறைந்தது என்பதற்காகச் சீழ் பிடித்துவிடாது, விலை உயர்ந்தது என்பதற்காகச் சீழ் பிடிக்காமல் இருந்துவிடவும் செய்யாது.

இனி அம்மாவின் விஷயம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் புரையை எடுத்தாலும் முழுப் பார்வை வராது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா, பூளை கட்டுகிறதா என்பதைச் சொல்லுங்கள். கண்ணீர்ப் பையில் சீழ் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புரையைத் தொடக் கூடாது. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோங்கள். 'நன்றாக முற்றட்டும்' என்று காத்திருக்கும் பழைய வழக்கம் வேண்டாம். அளவுக்கு மீறி முற்றினால் கண் அழுத்தம் கூடும், அறுவையும் கடினமாகும்.

ஆபரேஷனுக்குப் பிறகு, நம் கரைக்கென்று சில எச்சரிக்கைகள். டாக்டர் சொல்லும் வரை, குறைந்தது ஒரு மாதம், அம்மா கடலில் இறங்கவே கூடாது. பாசி எடுக்க முங்குவதும், கண்ணை இறுக்கும் நீச்சல் கண்ணாடி போடுவதும் வேண்டாம். உறவினரோடு ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனாலும் 22 தீர்த்தத்தில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டாம். மணல் காற்றில் கறுப்புக் கண்ணாடி அவசியம். சொட்டு மருந்து விடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் போகும் ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். சர்க்கரை அனுமதித்தால், அந்த நேரத்தில் செய்துகொண்டால் அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை கிடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. வலி கூடுவது, சிவப்பு கூடுவது, தெளிந்த பார்வை திரும்ப மங்குவது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வரும். சில மணி நேரத்துக்குள் கண்ணுக்குள் மருந்து செலுத்தினால் பல கண்களைக் காப்பாற்ற முடியும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தூங்கிவிட்டால் அந்த மணி நேரங்கள் போய்விடும். எண்ணெய், தாய்ப்பால், கடைக்காரர் கொடுக்கும் சொட்டு மருந்து எதுவும் கண்ணில் விடக் கூடாது. அறுவை செய்த இடத்துக்கு உடனே போன் செய்யுங்கள். மதுரை போக வழியில்லாவிட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

முகாம் நடத்துகிறவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

• ஆபரேஷன் நிரந்தர மருத்துவமனையின் தியேட்டரில்தானே நடக்கும்? பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ என்றால் மறுத்துவிடுங்கள்.
• அறுவைக்கு முன் அயோடினும், முடிவில் கண்ணுக்குள் கிருமிக்கொல்லியும் உண்டா?
• போன வருடம் உங்களிடம் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது?
• இரவில் வலித்தால் எந்த எண்ணில் யாரிடம் பேசுவது?
• மறு பரிசோதனைக்கு எங்கள் பக்கத்திலேயே வருவீர்களா, நாங்கள் மதுரை வர வேண்டுமா?

மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். 'எங்களிடம் ஒன்றுமே நடக்காது' என்பவரைவிட, எண்ணைச் சொல்லி, அப்போது என்ன செய்தோம் என்றும் சொல்பவரை நம்பலாம். என்ன அறுவை, எந்த லென்ஸ் என்று எழுதிய சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. இலவச நோயாளிக்கும் அது பொருந்தும்.

வலது கண் ஆறி, பார்வை நிலைத்த பிறகு இடது கண்ணையும் செய்துவிடுங்கள். ஒன்று தெரிகிறதே போதும் என்று பல தாய்மார்கள் நின்றுவிடுகிறார்கள். ஒரு கண்ணை வைத்து ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. பாறையும் அலையும் உள்ள இடத்தில் கால் வைத்துப் பிழைக்கிறவருக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.